மூசையில் உருகும் சரித்திரம்

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவே வட்டகொடைப் புகையிரத நிலையம் இருக்கிறது. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஆண்டின் பெரும் பகுதி மழையும் மூடுபனியும். சுற்றியுள்ள சரிவுகளெல்லாம் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். லயங்களுக்கு அப்பால் தகரக் கூரையுடன் நிமிர்ந்து நிற்கும் தொழிற்சாலை. மலையக வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் இக்காட்சியைப் பலமுறை வருணித்திருக்கின்றனர். ஆனால் கொழுந்தைப் பற்றி எழுதிய அளவுக்கு, அந்தக் கொழுந்தை அரைத்து, உலர்த்தி, ஏற்றிச் செல்லும் இயந்திரங்களைப் பற்றியோ அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளைப் பற்றியோ நாம் எழுதியதில்லை.

அந்த வழியில் சென்ற பயணம் ஒன்றின்போது, சாலையோரச் சிறு கராஜ் ஒன்றில் நாம் சில மணி நேரம் தங்க நேர்ந்தது. கொழுந்து ஏற்றும் லொறியொன்றின் தண்ணீர்ப் பம்பு மூடி உடைந்திருந்தது. புதிய மூடிக்காகக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. ஆகவே கராஜ்காரர் தாமே ஒன்றை வார்க்க முற்பட்டிருந்தார். அவரை எல்லோரும் "பாஸ்" என்றே அழைத்தனர். உடைந்த மூடியை ஒட்டிச் சரிப்படுத்தி, அதையே மாதிரியாக வைத்து, ஈர மண்ணில் அச்சு எடுத்திருந்தார். பக்கத்தில் ஊதுலை எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு உதவியாக இருந்த பையன், மூலையிற் கிடந்த நசுங்கிய அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து மூசைக்குள் போடப் போனான்.

"சட்டியப் போடாத தம்பி. பிஸ்டனப் போடு. சட்டி சரியா ஓடாது, ஓடினாலும் ஆறும்போது வெடிச்சிரும்" என்றார் பாஸ்.

இரண்டும் அலுமினியந்தானே, ஏன் இந்த வேறுபாடு என்று நாம் கேட்டோம். "காரணம் தெரியாதுங்க. எனக்குச் சொல்லித் தந்தவர் அப்படித்தான் செஞ்சாரு. நானும் சட்டியப் போட்டுப் பாத்துக் கெட்டுப்போய்த்தான் கத்துக்கிட்டேன்" என்றார் அவர்.

எந்திர வார்ப்புக்கு எந்த அலுமினியக் கலப்புலோகத்தைத் தெரிவது என்ற கேள்விக்கு, உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் பல பதிற்றாண்டுகள் உழைத்துக் கண்ட விடையின் சாரம் அவருடைய அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவரிடம் விடை இருந்தது; காரணம் இல்லை. காரணம் ஏன் அவரை வந்தடையவில்லை? இக்கேள்விதான் நம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

காலடி மண்ணில் உள்ள உலோகம்

புவியின் மேலோட்டில் நிறைப்படி ஏறக்குறைய 8 சதவீதம் அலுமினியம். உலோகங்களில் இதைவிட அதிகமாகக் கிடைப்பது வேறொன்றுமில்லை. மலைநாட்டின் செம்மண்ணிலும் அது நிறைய உண்டு. அமிலத்தன்மை கூடிய மண்ணில் அலுமினியம் நீரில் கரையத் தொடங்கும். பல பயிர்களின் வேர்களுக்கு அது நஞ்சு. தேயிலைச் செடியோ அதைத் தாங்கிக்கொள்வது மட்டுமன்றி, உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்தும் வைக்கிறது. கொழுந்தில் உள்ளதைவிட முற்றிய இலையில் பன்மடங்கு அலுமினியம் இருக்கும். ஆகவே தோட்டத் தொழிலாளி ஆண்டுதோறும் மிதித்து நடப்பதும் கவ்வாத்து வெட்டித் தள்ளுவதும் இந்த உலோகத்தையே.

ஆனால் மண்ணில் இருப்பது வேறு. மனிதன் கைக்கு வருவது வேறு. அலுமினியம் ஒட்சிசனை விடாமற் பற்றிக்கொள்ளும் உலோகம். இரும்பைப் போலக் கரியோடு சேர்த்து உலையில் எரித்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. 1825ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் சிறு துணுக்கொன்றைப் பிரித்தார். 1827இல் ஜெர்மானியரான வோலர் அம்முயற்சியைத் தொடர்ந்தார். 1854இல் பிரான்சில் செயின்ற் கிளெயர் டெவில் சோடியத்தின் துணையோடு சற்றுப் பெரிய அளவில் உண்டாக்கும் வழியைக் கண்டார். மூன்றாம் நெப்போலியன் அதற்குப் பொருளுதவி செய்தான். அவன் பொருளை அள்ளிக் கொடுத்ததற்குப் படைவீரர்களின் கவசத்தை இலேசாக்கும் எண்ணமும் ஒரு காரணம். அப்போதும் அது பொன்னோடும் வெள்ளியோடும் வைத்து எண்ணப்பட்ட ஆடம்பரப் பொருளாகவே இருந்தது.

1886இல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் சார்ள்ஸ் மாட்டின் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டனர். இருவரும் 1863இல் பிறந்தவர்கள், இளைஞர்கள். உருகிய கிரயோலைட் என்னும் உப்பில் அலுமினிய ஒட்சைட்டைக் கரைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால் உலோகம் அடியிற் படியும் என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. ஹோலுக்கு அவருடைய தமக்கை ஜூலியா, இரசாயனம் கற்றவர், துணை நின்றார். ஆனால் உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பொக்சைற் தாதுவிலிருந்து தூய ஒட்சைட்டைப் பிரிக்கும் முறையை பேயர் என்பவர் வகுத்தார். அன்று தொட்டு இன்று வரை உலகின் அலுமினியம் இவ்வழியிலேயே பிறக்கிறது.

அந்த ஆண்டுகளில் நம் மலையகம் எந்த நிலையில் இருந்தது? 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1885இல் புகையிரதப் பாதை வட்டகொடையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. காட்டை வெட்டியவரும் பாதை சமைத்தவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த ஏழைகள். அவர்கள் ஏற்றிவிட்ட தேயிலையின் இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. அந்த மூலதனத்தின் உலகந்தான் புதிய உலோகத்தையும் தன் உடைமையாக்கிக்கொண்டது.

மின்சாரம் இல்லாமல் அலுமினியம் இல்லை. ஒரு கிலோகிராம் உலோகத்துக்கு இன்றுங்கூடப் பதின்மூன்று பதினான்கு அலகு மின்சாரம் வேண்டும். ஆகவே 1895இல் நயாகரா நீர்வீழ்ச்சியில் மின்சாரம் பிறந்ததும் முதலில் அதை வாங்கியவர்கள் ஹோலின் கம்பெனியார். நம் மலைகளிலும் அருவிகள் இருந்தன. அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துரைத்தார். லக்சபானாவில் விளக்கெரிய 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டுக்கு அருவி அழகு பார்க்கப் போதும் என்பது ஆட்சியாளர் எண்ணம் போலும். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்கும் ஆலை இலங்கையில் இன்றும் இல்லை. வட்டகொடை மூசையில் உருகுவதெல்லாம் வேறு நாடுகளில் பிறந்து, பண்டமாக வந்து, தேய்ந்து, உடைந்து எஞ்சிய உலோகமே.

தூய உலோகம் ஏன் போதாது?

தூய அலுமினியம் மென்மையானது. சட்டிக்கும் கம்பிக்கும் அது போதும். எஞ்சினின் உள்ளுறுப்புக்கு அது போதாது. வார்ப்புறுப்பிடம் நாம் கேட்பவை பல: உருகிய நிலையில் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப வேண்டும், ஆறும்போது வெடிக்கக் கூடாது, சூட்டில் வலிமை குன்றக் கூடாது, உராய்வில் தேயக் கூடாது, சூடேறும்போது மிகையாக விரியக் கூடாது, தண்ணீர் படுமிடத்தில் அரிக்கக் கூடாது. இவையெல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் கலப்புலோகம் ஒன்றுமில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. ஆகவே உறுப்பின் தொழிலை அறிந்து, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதே கலப்புலோகத் தெரிவு.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கிய நீராவி எஞ்சினும் அதன் பின் வந்த எண்ணெய் எஞ்சினும் மெதுவாகச் சுழன்றன. அவை ஓரிடத்திலேயே நின்றவை; எடை அவற்றுக்குச் சுமையன்று. வார்ப்பிரும்புப் பிஸ்டன் அவற்றுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் மோட்டார் வண்டியும் ஆகாய விமானமும் வந்தபோது எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டியதாயிற்று. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் எடை உண்டாக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2; அலுமினியத்தின் அடர்த்தி 2.7. மேலும் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். இவ்விரு குணங்களும் பொறியியலாளரைக் கவர்ந்தன.

தடையும் இருந்தது. 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் 200 பாகை சூடேறினால், வார்ப்பிரும்பானால் ஏறக்குறைய 0.18 மில்லிமீற்றர் விரியும். தூய அலுமினியமானால் 0.37 மில்லிமீற்றர். இரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டனை வைப்பவன் இவ்விடைவெளியைக் கணக்கிட்டே ஆக வேண்டும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். கூடினால் எஞ்சின் தட்டும், எண்ணெய் குடிக்கும்.

செம்பின் காலம்

முதலிற் கை கொடுத்தது செம்பு. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அந்த விமானத்தின் எஞ்சினைக் கட்டியவர் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்ளி டெய்லர் என்ற தொழிலாளி என்பது எத்தனை மாணவருக்குத் தெரியும்? வேண்டிய எடைக்கு எஞ்சின் செய்து தர எந்தக் கம்பெனியும் முன்வராத நிலையில், சில வாரங்களுக்குள் சுமார் 12 குதிரைவலுவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினை அவர் ஆக்கிவிட்டார். அதன் உடற்பெட்டி டேய்ட்டன் நகர வார்ப்பாலை ஒன்றில் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. அதிற் கலந்திருந்த செம்பு ஏறக்குறைய 8 சதவீதம்.

1994இல் பிராங்க் கெய்ல், மார்த்தா குட்வே என்னும் ஆய்வாளர் இருவர் அந்தப் பெட்டியின் சிறு துணுக்கை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். அலுமினியத்துக்குள் செம்பணுக்கள் கண்ணுக்கெட்டாத நுண்திரள்களாகக் கூடி, உலோகத்தை வன்மையாக்கியிருந்தன. அந்த நிகழ்ச்சிக்கு 1903இல் பெயரே கிடையாது. 1906இல்தான் ஜெர்மனியில் அல்பிரட் வில்ம் அதைக் கண்டார்: செம்பும் மகனீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்திச் சில நாள் சும்மா வைத்தால், அது தானே வன்மை பெறுகிறது. ஏனென்று அவருக்கும் தெரியவில்லை. 1919இல் அமெரிக்க ஆய்வாளர் மெரிக்காவும் தோழர்களும் கொள்கை விளக்கம் தந்தனர். 1938இல் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் எக்ஸ் கதிரின் துணையால் அத்திரள்களை மெய்ப்பித்தனர். கைதான் முதலிற் கண்டது. கருத்து பின்னர் வந்தது. வட்டகொடைப் பாஸைப் பார்த்துப் "படிக்காதவர்" என்று சொல்ல நாம் தயங்குவது இதனால்தான்.

1913இல் ஆங்கிலேயரான பென்ட்லி என்பவர், பிரான்சில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் மேசைமேற் கிடந்த அலுமினியப் பிஸ்டன் வடிவக் காகிதப்பாரம் ஒன்றைக் கண்டு, அதையே எஞ்சினில் வைத்தாலென்ன என்று கேட்டார். 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் சேர்த்து வார்த்த பிஸ்டன்கள் பந்தயத்தில் வென்றன. அடுத்த ஆண்டு போர் மூண்டது. பந்தய வண்டியின் இரகசியம் போர் விமானத்துக்குப் போயிற்று. அப்போரின்போதே இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ரோசன்ஹெய்ன் தலைமையிலானோர், 4 சதவீதம் செம்பு, 2 சதவீதம் நிக்கல், 1.5 சதவீதம் மகனீசியம் சேர்ந்த "வை" கலப்புலோகத்தை ஆக்கினர். சூட்டிலும் வலிமை குன்றாத அதன் குணம் விமான எஞ்சினுக்கென்றே அமைந்தது போலிருந்தது. அதன் வழித்தோன்றல் ஒன்று, 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்த கொன்கோட் விமானத்தின் உடலுக்கும் பயன்பட்டது.

விஞ்ஞானம் மனிதனுக்கு வாழ்வு தரப் பிறந்தது. அதற்கு அரசுகள் தாராளமாகப் பணம் கொடுத்ததோ கொல்லும் தொழிலின் பொருட்டு. அலுமினியத்தின் வரலாற்றில் மூன்றாம் நெப்போலியன் முதல் இரு உலகப் போர்கள் வரை நாம் காணும் வழக்கம் இது. ஆய்வுகூடத்தின் அறிவைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை; அதைத் திசை திருப்பியவர் யாரென்று மாணவர்கள் அறியவேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

சிலிக்கன் வந்த கதை

செம்பு சேர்ந்த அலுமினியம் வலிமையானது. ஆனால் வார்ப்பதற்குப் பிடிவாதமானது. ஆறும்போது வெடிக்கும், ஈரத்தில் அரிக்கும். மணலில் உள்ள சிலிக்கனைக் கலந்தால் நன்றாக ஓடும் என்பது அறியப்பட்டிருந்தது. ஆனால் அப்படி வார்த்தது கண்ணாடி போல் உடைந்தது. உலோகத்துக்குள் சிலிக்கன் பெருந்தகடுகளாகப் படிந்ததே காரணம்.

அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரியரான அலடார் பாட்ஸ் இதற்குத் தீர்வு கண்டார். மின்விளக்கின் தங்குதன் இழை தொய்யாமலிருக்க வழி கண்டவரும் இவரே. உருகிய அலுமினியம்-சிலிக்கன் கலவையில் சோடியம் புளோரைட்டைச் சிறிதளவு சேர்த்தால், சிலிக்கன் தகடாகப் படியாமல் நுண்ணிய நாராகப் பரவுகிறது. உலோகம் உடையாமல் வளைகிறது. 1921இல் அவருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஜெர்மனியில் அது "சிலுமின்" என்ற வணிகப் பெயரோடு பரவியது. பின்னர் சோடியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரொன்சியம் சேர்ப்பதும் வழக்கமாயிற்று.

இப்போது பாஸின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். தூய அலுமினியம் 660 பாகையில் உருகும். சிலிக்கன் ஏறக்குறைய 12.6 சதவீதம் சேர்ந்தால் 577 பாகையிலேயே உருகும். உறையும்போது சிலிக்கன் பெருமளவு வெப்பத்தை வெளிவிடுவதால் உலோகம் நெடுநேரம் நீராக நின்று மெல்லிய இடங்களிலும் ஓடி நிரம்பும். அலுமினியம் உறையும்போது கன அளவில் ஆறு சதவீதத்துக்கு மேற் சுருங்கும்; சிலிக்கனோ உறையும்போது விரியும் இயல்புடையது. ஆகவே சிலிக்கன் உள்ள வார்ப்புச் சுருக்கம் குறைந்து, வெடிப்பும் குறைகிறது. சட்டி செய்யப்படுவது ஏறக்குறையத் தூய அலுமினியத்தால். பிஸ்டன் செய்யப்படுவது பெரும்பாலும் 12 சதவீத அளவுச் சிலிக்கனோடு, செம்பு, மகனீசியம், நிக்கல் ஆகியன ஒவ்வொரு சதவீதமளவு சேர்ந்த கலப்புலோகத்தால். சட்டி வெடிக்கும், பிஸ்டன் ஓடும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுவே.

பிஸ்டனுக்கு இக்கலவை ஏன்? சிலிக்கன் விரிவைக் குறைக்கிறது, தேய்வைத் தடுக்கிறது. செம்பும் நிக்கலும் சூட்டில் வலிமை தருகின்றன. சிலிண்டர்த் தலைக்குத் தேவை வேறு: திரும்பத் திரும்பச் சூடேறி ஆறினாலும் வெடிக்காத நெகிழ்ச்சி வேண்டும். ஆகவே 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மகனீசியமும் சேர்ந்த கலவை அதற்குப் பொருந்தும். பொதுவான எஞ்சின் வார்ப்புகளுக்கு ஐந்தாறு சதவீதம் சிலிக்கனும் மூன்று சதவீதம் செம்பும் போதும். மெல்லிய மூடிகளை உருக்கு அச்சில் அழுத்தி வார்க்கும்போது, உலோகம் அச்சோடு ஒட்டாதிருக்க ஒரு சதவீதமளவு இரும்பையும் அனுமதிப்பார்கள். அதே இரும்பு மண்ணச்சு வார்ப்பிற் புகுந்தால் ஊசிபோற் படிந்து உலோகத்தை நொறுங்க வைக்கும். தண்ணீர் ஓடும் பகுதிக்குச் செம்பில்லாத சிலிக்கன் கலவையே நல்லது.

பாஸ் தமது இரும்பு மூசையின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தார். உலோகம் ஒட்டாமலிருக்க என்றார். அந்தப் பூச்சு இரும்பு கரைந்து கலவாமலும் காக்கிறது. பழைய பிஸ்டன்களை உலையின் விளிம்பில் வைத்து நன்றாகக் காய்ச்சிய பின்னரே உள்ளே இட்டார். ஈரம் பட்ட துண்டு உருகிய உலோகத்தில் விழுந்தால் நீராவி சீறி உலோகத்தை ஆள் மேல் எறியும், உயிருக்கே ஆபத்து. தப்பினாலும் வார்ப்புக் கெடும். ஈரத்திலிருந்து பிரியும் ஐதரசன் உருகிய அலுமினியத்தில் கரைந்து, அது உறையும்போது வெளியேற வழியின்றி ஊசித்துளைகளாக நின்றுவிடும். மூடுபனி சூழ்ந்த வட்டகொடையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். பெரிய ஆலைகளில் ஆர்கன் அல்லது நைதரசனை ஊதி ஐதரசனை நீக்குகின்றனர். அவருக்கு அந்த வசதியில்லை; அளவுக்கு மீறிச் சூடேற்றாமலும் அடிக்கடி கிளறாமலும் இருப்பதே அவருடைய காப்பு.

இலாபக் கணக்கும் உலோகக் கணக்கும்

கலப்புலோகத்தைத் தெரிவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த ஷெவர்லே வேகா மோட்டார் வண்டி இதற்குச் சான்று. 17 சதவீதம் சிலிக்கன் சேர்ந்த கலப்புலோகத்தில் சிலிண்டர்களை வார்த்து, உள்ளே இரும்பு உறையே இல்லாமல் அமைத்தனர். கலவை சிறந்தது, எண்ணமும் புதியது. ஆனால் எஞ்சின் அதிகமாகச் சூடேறியபோது சிலிண்டர்கள் கோணின, தேய்ந்தன; எண்ணெய் எரிந்து புகைந்தது. 1977இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. அதே இனக் கலப்புலோகம் ஜெர்மன் வண்டிகளிற் பின்னர் நன்றாக உழைத்தது. குற்றம் உலோகத்தில் மட்டும் இல்லை. குறைந்த செலவில் விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவரும் அவசரத்திலும் இருந்தது.

ஏழைகளின் உலகத்தில் இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. கமரூன் முதலிய நாடுகளில், உடைந்த எஞ்சின் பாகங்களையும் பிற கழிவுகளையும் உருக்கிச் சமையற் பாத்திரம் வார்க்கின்றனர். அவற்றிலிருந்து ஈயம் உணவிற் கலப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். பிஸ்டனாக இருக்கத் தகுந்தது சட்டியாக இருக்கத் தகாது. சட்டி பிஸ்டனாகாதது போலவே. எது எதிலிருந்து வந்தது என்ற அறிவு இல்லாத இடத்தில், குழந்தையின் கஞ்சியில் நஞ்சு கலக்கிறது. கலப்புலோக அறிவு பொறியியலாளருக்கு மட்டும் உரியதென்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

தமிழர் கையில் அலுமினியம்

தமிழ்நாட்டில் இந்த உலோகம் தொழிலாக வேரூன்றியது 1898இல். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் பகுதியைத் தொடங்கினார். பித்தளைக் கன்னாரின் கைத்திறன் புதிய உலோகத்துக்கு மாறியது. 1903இல் அத்தொழில் தனியார் கம்பெனியிடம் கைமாறியது. அதே சாட்டர்டன் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சினையும் பரப்ப முயன்றவர். 1943இல் கேரளத்து அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினியம் பிறந்தது. 1949இல் சென்னை செம்பியத்தில் பிஸ்டன் வார்க்கும் இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் மேட்டூரில் அலுமினிய ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்குப் பொக்சைற் ஏர்க்காட்டுச் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கியது.

சேலம் மாவட்டத்து ஏழைகள் பஞ்சத்தால் விரட்டப்பட்டுக் கண்டி மலைக்கு வந்த சரித்திரத்தை நாம் அறிவோம். அவர்கள் பிறந்த மாவட்டத்து மலையில் அலுமினியத் தாது கிடந்தது. அவர்கள் சேர்ந்த மலையில் அருவி கொட்டியது. தாதுவும் மின்சாரமும் உழைப்பும் ஒன்று கூடாதபடி செய்தது இயற்கையன்று.

மலையகத்தில் இயந்திரம் புதிதல்ல. ரோலரும் உலர்த்தியும் எஞ்சினும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் கையில் இயங்கின. கொழும்பிலே வோக்கர்ஸ், கொழும்புக் கொமர்ஷல் கம்பெனி போன்ற பட்டறைகள் தேயிலை இயந்திரங்களைச் செய்தன. ஆனால் தொழிலாளி கைக்கு வந்தது பாகத்தின் இலக்கம் மட்டுமே. இன்ன இலக்கப் பிஸ்டன் தேய்ந்தால் இன்ன இலக்கத்தைப் பூட்டு என்பதே அவனுக்குரிய கல்வி. அது எந்த உலோகம், ஏன் அந்த உலோகம் என்ற வினாக்கள் வரைபட அறையின் கதவுக்கு வெளியே வரவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபோது அரசாங்கப் பதவிகளின் வாயிலும் அடைபட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை சென்றது. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் எத்தனை குறைவு என்பதை ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பாஸுக்குச் சொல்லித் தந்தவர் இப்போது இல்லை. பாஸுக்குப் பின் அந்தப் பையன் இருக்கிறான். "சட்டியைப் போடாதே" என்ற விதியை அவன் கற்றுக்கொள்வான். ஆனால் காரணமற்ற விதி ஓரளவுக்கே பயன்படும். நாளை அவன் கைக்கு வரும் கழிவு பிஸ்டனாகவும் இராது, சட்டியாகவும் இராது. நாகம் கூடிய வேறொரு கலவையாகவோ மகனீசியமாகவோ இருக்கும். உருகிய மகனீசியம் தீப்பற்றி எரியும். தண்ணீர் ஊற்றினால் தீ பெருகும். அன்றைக்கு அவனைக் காப்பாற்றப் போவது காரணத்தை அறிந்த அறிவுதான்.

ஆசிரியத் தோழர்களே, உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டி திருத்தும் கராஜ் இல்லாத ஊர் இல்லை. தேய்ந்த பிஸ்டன் ஒன்றையும் பழைய சட்டித் துண்டு ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டையும் நிறுத்து, நீரில் அமிழ்த்தி, அடர்த்தியைக் காணச் செய்யுங்கள். அரத்தால் தேய்த்து வன்மையை ஒப்பிடச் செய்யுங்கள். ஆணியால் அடித்து எது வளைகிறது, எது உடைகிறது என்று பார்க்கச் செய்யுங்கள். அதன் பின் சார்ளி டெய்லரின் பெயரையும் வில்மின் பெயரையும் பாட்ஸின் பெயரையும் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கராஜ்காரரையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, மாணவர் முன் நிறுத்தி, அவர் கண்டறிந்ததைச் சொல்லச் செய்யுங்கள்.

அன்று மாலை வட்டகொடையில் வார்த்த மூடி நன்றாக வந்தது. மண்ணைத் தட்டி எடுத்து, அரம் போட்டு, லொறியிற் பூட்டினார்கள். பிஸ்டனிற் சிலிக்கன் இருப்பதையும் அது செய்யும் வேலையையும் நாம் பாஸுக்கு எடுத்துச் சொன்னோம். கவனமாகக் கேட்டார். பிறகு பையனைக் கூப்பிட்டு, "நீயும் கேட்டுக்கடா" என்றார்.